எம்எல்ஹெச்1 ஸ்டெயின் ஆகவில்லை, பிராஃப் பிறழ்வும் இல்லை: லிஞ்ச் (பரம்பரையாக வரும் புற்று நோய்க்குறி) என்று எழுதிவிடலாமா?

ஊதாஸ்லைடு:
வலப்பக்கப் பெருங்குடல் கட்டி, நோயாளி வயது 74. சளி நிறையச் சுரந்திருக்கிறது, கட்டிக்குள்ளேயே லிம்போசைட்டுகள் புகுந்து கிடக்கின்றன. இம்யூனோவில் (புரதங்களைக் காட்டும் ஸ்டெயின்) டிஎன்ஏ நகல் பிழை திருத்தும் புரதங்களான எம்எல்ஹெச்1, பிஎம்எஸ்2 இரண்டும் இல்லை. அதே குழுவின் எம்எஸ்ஹெச்2, எம்எஸ்ஹெச்6 நன்றாகத் தெரிகின்றன. பிராஃப் மரபணுவின் வி600இ பிறழ்வு நெகட்டிவ். குடும்பத்தில் யாருக்கும் புற்று இருந்ததாகக் குறிப்பு இல்லை.

ரிப்போர்ட்டில் "லிஞ்ச் நோய்க்குறி சாத்தியம், ரத்தத்தில் மரபணுப் பரிசோதனை செய்க" என்று எழுதினால் சரியா? இல்லை, அதற்கு முன் மெத்திலேற்றம் (டிஎன்ஏ மேல் மெத்தில் குறி ஒட்டி மரபணு அணைவது) பார்க்க வேண்டுமா? கூடவே ஒரு அடிப்படைக் கேள்வி. டிஎன்ஏவில் ஓர் எழுத்துகூட மாறாமல் ஒரு மரபணு அணைவது புற்றுக்குக் காரணமா, அல்லது புற்று வந்தபின் விழுந்த தழும்பா?

கிளைமரம்:
முதலில் ஸ்லைடைத் திரும்பப் பாருங்க. கட்டிக்கு நடுவில் இருக்கும் லிம்போசைட், ஸ்ட்ரோமா (கட்டியைத் தாங்கும் திசு) செல்களின் கருக்கள் எம்எல்ஹெச்1க்கு ஸ்டெயின் ஆகியிருக்கின்றனவா? அவையும் வெளுத்திருந்தால் அது மரபணு இழப்பு இல்லை, ஸ்டெயினிங் கோளாறு. ஃபார்மலினில் சரியாக ஊறாத தடித்த துண்டுகளின் நடுப்பகுதியில் இது அடிக்கடி நடக்கும்.

உள் கன்ட்ரோல், அதாவது அந்தச் செல்கள், சரியாக இருந்தால் அடுத்தது. எம்எல்ஹெச்1 துணை இல்லாமல் பிஎம்எஸ்2 புரதம் நிலைக்காது, அதனால்தான் இரண்டும் சேர்ந்து காணாமல் போகின்றன. பழுது இருப்பது எம்எல்ஹெச்1ல் மட்டும் என்றே எடுத்துக்கொள்ளுங்க.

பெருங்குடல் புற்றுகளில் சுமார் 15 சதவீதத்தில் மைக்ரோசாட்டிலைட் நிலையாமை (டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் குட்டி வரிசைகளின் நீளம் மாறுவது) இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை எம்எல்ஹெச்1 புரொமோட்டர் (மரபணுவை இயக்கும் தொடக்கப் பகுதி) மெத்திலேற்றத்தால் வருபவை. லிஞ்ச் மொத்தத்தில் 3 சதவீதம் அளவுக்குத்தான். பிராஃப் வி600இ பாசிட்டிவாக வந்தால் லிஞ்ச் ஏறக்குறைய இல்லை என்று சொல்லிவிடலாம். நெகட்டிவ் அப்படித் தலைகீழாகப் பேசாது. மெத்திலேற்றத்தால் அணைந்த கட்டிகளில் கணிசமானவை பிராஃப் பிறழ்வு இல்லாதவை. 74 வயது, வலப்பக்கம் என்றால் மெத்திலேற்றம் பார்க்காமல் லிஞ்ச் பக்கம் போகாதீங்க. பிள்ளைகளையும் பேரன்களையும் கொலோனோஸ்கோப்பி வரிசையில் நிறுத்துகிற வார்த்தை அது.

கருப்பை உட்படலப் புற்றில் இதே கேள்வி வந்தால் பிராஃப் பக்கமே போகாதீங்க. அங்கே அந்தப் பிறழ்வு மிக அரிது, நேராக மெத்திலேற்றம்தான்.

குரோமாட்டின்கணக்கு:
இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன்.

மனித ஜீனோமில் சைட்டோசினுக்கு அடுத்து குவானின் வரும் இடங்கள், அதாவது சிபிஜி, சுமார் 2.8 கோடி. அவற்றில் 70 முதல் 80 சதவீதம் வரை எப்போதும் மெத்தில் தொப்பி போட்டபடி இருக்கும். விலக்கு சிபிஜி தீவுகள். பல மரபணுக்களின் தொடக்கத்தில் சிபிஜி நெருக்கமாகக் குவிந்த இந்தப் பகுதிகள் நலமான செல்லில் தொப்பி இல்லாமல் இருக்கும். புற்றுச்செல்லில் இது தலைகீழ். ஜீனோம் பரப்பில் மெத்தில் குறையும் (ஃபைன்பெர்க், ஃபோகல்ஸ்டைன் இருவரும் 1983லேயே காட்டினார்கள்), தீவுகள் சிலவற்றில் மட்டும் மெத்தில் ஏறும்.

எம்எல்ஹெச்1 தீவில் இப்படி ஏறினால் என்ன ஆகும்? மெத்திலைப் பிடிக்கும் புரதங்கள் வந்து ஒட்டும், அவை ஹிஸ்டோனிலிருந்து (டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதம்) அசிட்டைலை உரிக்கும் நொதிகளைக் கூட்டிவரும், தொடக்கப் புள்ளிமேல் நியூக்ளியோசோம் (ஹிஸ்டோன் உருண்டை) இறுக்கமாக உட்காரும். படியெடுக்கும் நொதிக்கு இறங்க இடம் இல்லை. செல் பிரியும்போது யுஹெச்ஆர்எஃப்1 புரதம் பாதி மெத்திலான இழையை அடையாளம் கண்டு, மெத்தில் போடும் நொதியான டிஎன்எம்டி1ஐ அங்கே கூட்டிவர, புதிய இழையிலும் அதே தொப்பி போடப்படும். ஆகவே ஒரு முறை அணைந்தது மகள் செல்களுக்கும் அணைந்தபடியே போகிறது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அடுத்த கட்டம். எம்எல்ஹெச்1 இல்லாத செல்லில் நகலெடுப்புப் பிழைகளைத் திருத்த ஆள் இல்லை. ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும் இடங்களில் நொதி வழுக்கும். டிஜிஎஃப்பிஆர்2 மரபணுவில் 10 அடினின் வரிசை இருக்கிறது, பாக்ஸ் மரபணுவில் 8 குவானின் வரிசை. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் சட்டகம் நகர்ந்து புரதம் பாழ். முன்னது வளர்ச்சிக்கு பிரேக், பின்னது செல் தற்கொலைக்கான கருவி. அதாவது எழுத்தே மாறாத ஒரு மாற்றம், பிறகு ஆயிரக்கணக்கான எழுத்துப் பிழைகளைப் பெற்றுப்போடுகிறது. எபிஜெனடிக் ஒரு பக்கம், பிறழ்வு மறு பக்கம் என்று பாடம் பிரிப்பது வசதிக்குத்தான்.

மறுதரப்பு:
கதை அழகு, ஆனால் ஒரு கட்டியில் மெத்திலான தீவுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அவற்றில் பெரும்பாலான மரபணுக்கள் அந்தத் திசுவில் ஏற்கெனவே ஓய்வில் இருந்தவை. 2007ல் மூன்று குழுக்கள் தனித்தனியாகக் காட்டியதும் அதுதான். கரு ஸ்டெம் செல்லில் பாலிகோம்ப் (மரபணுக்களை அணைத்து வைக்கும் புரதக் குழு) குறி உள்ள மரபணுக்கள்தான் புற்றில் மெத்திலாகும் வாய்ப்பு அதிகம். காலி வீட்டுக்குப் போட்ட பூட்டு. அதைக் கொலைக்குக் காரணம் என்பீர்களா?

குரோமாட்டின்கணக்கு:
>> காலி வீட்டுக்குப் போட்ட பூட்டு

நூற்றில் தொண்ணூறு அப்படித்தான், மறுக்கவில்லை. மெத்திலேற்றப் பட்டியலைப் போட்டு "200 புற்று மரபணுக்கள் கண்டுபிடிப்பு" என்று தலைப்பு வைக்கும் கட்டுரைகளை நானும் நம்புவதில்லை.

ஆனால் ஹெச்சிடி116 என்ற குடல் புற்றுச் செல்வரிசையில், செல் பெருக்கத்தைத் தடுக்கும் பி16 மரபணுவைப் பாருங்க. ஒரு பிரதியில் ஒரு குவானின் செருகி சட்டகம் உடைந்திருக்கிறது. அந்தப் பிரதி மெத்திலாகவில்லை. மற்ற பிரதி எழுத்தளவில் நலம். அது மட்டும் மெத்திலாகி அணைந்திருக்கிறது. தற்செயல் தழும்பு என்றால் உடைந்த பிரதியிலும் விழுந்திருக்க வேண்டாமா? வேலை செய்யும் பிரதியை அணைத்த செல்தான் தேர்வாகி வளர்ந்திருக்கிறது. இரண்டாவது அடியாக மெத்திலேற்றம் பிறழ்வின் இடத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறது.

எம்எல்ஹெச்1க்கு நேரடிச் சான்று ஆர்கேஓ செல்வரிசை. அதில் எம்எல்ஹெச்1 எழுத்துகள் நலம், புரொமோட்டர் மெத்தில். மெத்திலைக் குறைக்கும் மருந்தான 5-அசாடிஆக்ஸிசைட்டிடின் கொடுத்தால் புரதம் திரும்ப வருகிறது, திருத்தும் திறனும் திரும்புகிறது. பூட்டைத் திறந்தால் உள்ளே ஆள் இருக்கிறார்.

வரிசைக்கும் சான்று உண்டு. 2019ல் எலிக்குடல் ஆர்கனாய்டுகளை (ஆய்வகத்தில் வளர்க்கும் குட்டித் திசுக்கள்) மாதக்கணக்கில் வளர்த்துப் பார்த்தார்கள். வயதாகும்போது தானாகவே சில தீவுகளில் மெத்தில் ஏறியது, அப்படி ஏறிய ஆர்கனாய்டில் பிராஃப் வி600இயைத் தூண்டினால் புற்றாக மாறுவது எளிதாயிற்று. இளம் ஆர்கனாய்டு அப்படி எளிதில் மசியவில்லை. 74 வயது, வலப்பக்கம் என்பது ஏன் பொருந்துகிறது என்று இங்கே புரியும்.

மறுதரப்பு:
பி16 உதாரணத்துக்குத் தலைவணங்குகிறேன். இருந்தாலும் திசை ஒன்றல்ல என்பதையும் பதிவு செய்கிறேன். 1995ல் ஏபிசி மரபணுப் பிறழ்வால் குடல் பாலிப் வரும் எலிகளில் டிஎன்எம்டி1ஐப் பாதியாக்கி, வாரந்தோறும் அதே 5-அசா மருந்தும் கொடுத்தபோது குடல் பாலிப்புகளின் சராசரி 113லிருந்து 2 ஆனது. 2003ல் அதே நொதியைச் சுமார் 10 சதவீதத்துக்குக் குறைத்த எலிகளுக்கு டி-செல் லிம்ஃபோமா வந்தது. மெத்திலைக் குறைத்தால் ஒரு பக்கம் காப்பு, இன்னொரு பக்கம் குரோமோசோம் ஆட்டம் கண்டு புது வம்பு.

பிளாக்வெட்டி:
பேச்சு எலிக்குப் போய்விட்டது, ஊதாஸ்லைடுக்கு வேண்டியது ரிசல்ட். லேப் பக்கத்தைச் சொல்கிறேன், தவறு நடப்பதெல்லாம் இங்கேதான்.

பிளாக்கிலிருந்து (மெழுகில் பதித்த திசு) எடுக்கும்போது முதல் இரண்டு மூன்று வெட்டுகளைத் தள்ளிவிடுங்க, காற்றுபட்ட மேல்பரப்பு அது. ஹெச்அண்ட்இ (வழக்கமான ஸ்டெயின்) ஸ்லைடில் கட்டியை பேனாவால் வட்டமிட்டு, 10 மைக்ரான் வெட்டுகளில் அந்த இடத்தை மட்டும் பிளேடால் சுரண்டுங்க. நீங்கள் சொன்ன கட்டியில் லிம்போசைட் நிறைய என்பதால் இது ரொம்ப முக்கியம். கட்டிச் செல் 30 சதவீதம்தான் என்றால், கட்டியில் ஒரு பிரதி மட்டும் மெத்திலாக இருந்தால் மெத்தில் சதவீதம் 15க்கு மேல் வராது.

புரதத்தைக் கரைக்கும் புரோட்டினேஸ் கே போட்டு 56 டிகிரியில் திசு முழுதாகக் கரையும்வரை விடுங்க, தேவைப்பட்டால் ராத்திரி முழுக்க. பிறகு 90 டிகிரியில் 1 மணி நேரம், ஃபார்மலின் போட்ட முடிச்சுகள் அவிழ. இந்த இரண்டில் அவசரப்பட்டால் அடுத்த கட்டம் கெடும். பைசல்ஃபைட் ஒற்றை இழையாகப் பிரிந்த டிஎன்ஏவில்தான் வேலை செய்யும். புரதம் ஒட்டியிருக்கும் இடம் பிரியாது, பிரியாத இடம் மாறாது.

கொள்கை எளிது. மெத்தில் இல்லாத சைட்டோசினை பைசல்ஃபைட் யுராசிலாக்கும், பிசிஆரில் (டிஎன்ஏவைப் பெருக்கும் முறை) அது தைமினாகப் படிக்கப்படும். மெத்திலானது சைட்டோசினாகவே நிற்கும். ஆகவே மாற்றம் அரைகுறையாக நடந்தால், மெத்தில் இல்லாத இடமும் மெத்திலானது போலத் தெரியும். பொய்யான பாசிட்டிவ் வரும் பெரிய வழி இதுதான்.

பரவலாகப் புழங்கும் கிட் ஒன்றின் கணக்கு: 20 மைக்ரோலிட்டர் டிஎன்ஏ, 130 மைக்ரோலிட்டர் மாற்றக் கரைசல், 98 டிகிரியில் 10 நிமிடம், 64 டிகிரியில் இரண்டரை மணி நேரம். பிறகு டிஎன்ஏவைப் பிடிக்கும் வடிகுழாயில் ஏற்றி, காரக் கரைசலில் அறை வெப்பத்தில் 15 முதல் 20 நிமிடம் வைத்து சல்ஃபோனேட்டை நீக்கி, கழுவி, 10 மைக்ரோலிட்டரில் இறக்குவது. காரத்தில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீங்க, இழை நறுங்கும். மாற்றக் கரைசல் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் ஆகாது, கரைத்த அன்றே தீர்ப்பது நல்லது. டிஎன்ஏ 200 முதல் 500 நானோகிராம் இருந்தால் நிம்மதி.

குறைவாக இருந்தால் என்ன என்று கேட்பார்கள். ஒரு செல்லின் டிஎன்ஏ சுமார் 6.6 பிக்கோகிராம். 10 நானோகிராம் என்றால் 1,500 செல், 3,000 பிரதி. பிளாக் டிஎன்ஏ ஏற்கெனவே துண்டு துண்டு, பைசல்ஃபைட் மேலும் நறுக்கும். பத்தில் ஒன்று மிஞ்சினால் 300 பிரதி, அதில் பிசிஆர் முதல் சில சுற்றுகளில் எதைப் பிடித்ததோ அதுதான் உங்கள் சதவீதம். இரண்டு முறை ஓட்டினால் 8, 22 என்று வரும். எண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை, மாதிரி போதவில்லை.

பிசிஆர் துண்டு 150 பேஸ் ஜோடிக்குள் இருக்கட்டும். பெருக்கும் நொதியாக ஹாட் ஸ்டார்ட் டாக் போதும். ப்ரூஃப்ரீடிங் ரகமான பிஎஃப்யு யுராசிலைக் கண்டால் நின்றுவிடும், அதைப் போட்டு பேண்டே வரவில்லை என்று பிரைமரை (பிசிஆரைத் தொடங்கிவைக்கும் குட்டி டிஎன்ஏ) குறை சொல்பவர்கள் உண்டு. அளவு பார்க்கும்போது நினைவிருக்கட்டும், மாற்றத்துக்குப் பிறகு இருப்பது ஒற்றை இழை. ஸ்பெக்ட்ரோவில் ஆர்என்ஏ செட்டிங்கில், அதாவது 40 என்ற காரணியில் படியுங்க.

ஊதாஸ்லைடு:
மிக்க நன்றி. எம்எஸ்பி (மெத்திலைத் தேடும் பிசிஆர்) ஜெல் போதுமா, பைரோசீக்வென்சிங் கட்டாயமா? எங்களுக்குக் கிடைப்பது இரண்டும்.

பிளாக்வெட்டி:
பைரோ. எம்எஸ்பியில் மெத்தில் பிரைமர் தனி, மெத்தில் இல்லாததற்குத் தனி. பேண்ட் வந்தது வரவில்லை என்றுதான் பதில். 40 சுற்று ஓட்டினால் ஆயிரத்தில் ஒன்று மெத்திலாக இருந்தாலும் பேண்ட் வரும், ஸ்லைடில் காணாமல் போன புரதத்துக்கு அது விளக்கம் ஆகாது. பைரோவில் ஒவ்வொரு சிபிஜிக்கும் சதவீதம் கிடைக்கும், வரிசைக்குள் சிபிஜி அல்லாத ஒரு சைட்டோசினைக் காவலாக வைக்கலாம். அங்கே தைமின் மட்டுமே வர வேண்டும். 5 சதவீதத்துக்கு மேல் சைட்டோசின் நின்றால் மாற்றமே சரியில்லை, அந்த ரன்னைத் தூக்கிப் போடுங்க.

ஒவ்வொரு ரன்னிலும் 0, 10, 25, 50, 100 சதவீதக் கலவை ஓட்டுங்க. 100க்கு எம்.எஸ்எஸ்எஸ்1 நொதியால் மெத்திலாக்கிய டிஎன்ஏ. 0க்கு முழு ஜீனோம் பெருக்கிய டிஎன்ஏ, ஏனென்றால் பெருக்கும்போது மெத்தில் நகலாகாது. 50 சதவீதக் கலவை 30 என்று படித்தால் பிரைமர் மெத்தில் இல்லாத பக்கம் சாய்கிறது என்று பொருள். ஒட்டும் வெப்பத்தை ஓரிரு டிகிரி கூட்டிப் பாருங்க.

இன்னொன்று, எந்த இடத்தைப் படிக்கிறது உங்கள் சோதனை? எம்எல்ஹெச்1 புரொமோட்டரில் மொழிபெயர்ப்புத் தொடக்கத்துக்கு மேலே 248 முதல் 178 வரையுள்ள பகுதியின் (சி பகுதி என்பார்கள்) மெத்திலேற்றமே புரதம் அணைவதோடு ஒத்துப்போகிறது. அதற்கும் மேலே தள்ளி இருக்கும் பகுதிகள் வயதானவர்களின் நலமான குடலிலேயே ஓரளவு மெத்திலாகும். இடம் மாற்றிப் படித்தால் 74 வயதுக்காரர் எல்லாருக்கும் பாசிட்டிவ்.

குரோமாட்டின்கணக்கு:
இதே பிரச்சினை மூளைக்கட்டியில் எம்ஜிஎம்டிக்கும். அங்கே விளைவு தலைகீழ் என்பதுதான் சுவை. எம்ஜிஎம்டி புரதம் குவானினில் ஒட்டிய மெத்திலைப் பிடுங்கித் தன் சிஸ்டீன் மேல் போட்டுக்கொண்டு செத்துப்போகும், ஒரு புரதத்துக்கு ஒரு திருத்தம். டெமோசோலமைடு என்ற கீமோ மருந்து போடும் காயத்தை ஆற்றுவது இதுதான். மெத்திலேற்றத்தால் இது அணைந்திருந்தால் கட்டிக்கு நஷ்டம், நோயாளிக்கு லாபம். 2005ல் ஹெகி குழு வெளியிட்ட எண்கள்: மெத்திலான கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைக்கட்டியில் கதிர்வீச்சோடு டெமோசோலமைடும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 21.7 மாதம், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களுக்கு 15.3. மெத்திலாகாதவர்களில் அதே ஒப்பீடு 12.7க்கு 11.8.

ஆனால் அந்த மருந்து கொல்வதற்கு எம்எல்ஹெச்1 குடும்பமும் உயிரோடு இருக்க வேண்டும். திருத்தும் குழுதான் தவறான ஜோடியைக் கண்டு மறுபடி மறுபடி வெட்டி, செல்லைச் சாகும் இடத்துக்குத் தள்ளுகிறது. மருந்துக்குப் பிறகு திரும்பி வரும் கட்டிகளில் சிலவற்றில் எம்எஸ்ஹெச்6 உடைந்திருப்பது இதனால்தான்.

மஞ்சப்பை:
இடைமறிப்புக்கு மன்னிக்கவும். மெத்தில் திரும்ப நீங்கக்கூடியது என்றால், கிரீன் டீ, மஞ்சள், ஃபோலிக் மாத்திரை இவற்றால் அணைந்த மரபணுவைத் திறக்கலாம் என்று சுற்றும் வீடியோக்கள்?

மறுதரப்பு:
கிரீன் டீயின் ஈஜிசிஜி உணவுக்குழாய்ப் புற்றுச் செல்களில் பி16ஐத் திறந்தது உண்மை, 2003 ஆய்வு, அளவு 5 முதல் 50 மைக்ரோமோலார். டீ குடித்தவர் ரத்தத்தில் வருவது பொதுவாக 1 மைக்ரோமோலாருக்கும் கீழே. ஃபோலிக் அமிலம் மெத்திலுக்கு மூலப்பொருள், அதைக் கூட்டினால் தொப்பி கழலும் என்பதே விசித்திரம். பாலிப் எடுத்தவர்களுக்குத் தினம் 1 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த சோதனை 2007ல் வந்தது. பாலிப் குறையவில்லை. நீண்ட தொடர்கண்காணிப்பில் மூன்றும் அதற்கு மேலும் பாலிப் வந்தவர்கள் ஃபோலிக் பிரிவில்தான் அதிகம்.

ஊசிநேரம்:
திறக்கும் மருந்து என்று சொல்லத்தக்கது அசாசைட்டிடின், டெசிட்டபின். அசாசைட்டிடினுக்கு அமெரிக்க அனுமதி 2004, எம்டிஎஸ்க்கு (எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களைச் சரியாக உருவாக்காத நோய்). 7 நாள், தினம் உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 75 மில்லிகிராம், தோலடி ஊசி, 28 நாள் சுற்று. 2009ல் வந்த ஆய்வில் அதிக ஆபத்துள்ள எம்டிஎஸ் நோயாளிகளின் இடைநிலை ஆயுள் 15 மாதத்திலிருந்து 24.5 ஆனது.

மருந்து செல் பிரியும்போது டிஎன்ஏவுக்குள் சைட்டோசின் வேடத்தில் நுழைகிறது. தொப்பி போட வரும் டிஎன்எம்டி1 அதோடு ஒட்டிக்கொண்டு மீள முடியாமல் சிதைகிறது. ஒவ்வொரு பிரிவிலும் மெத்தில் பாதி பாதியாக நீர்க்கிறது. ஆகவே பலன் தெரிய 4 முதல் 6 சுற்று வேண்டும். இரண்டாம் சுற்றில் ரத்த அணுக்கள் இறங்கியதைப் பார்த்து மருந்து தோற்றது என்று நிறுத்துவதுதான் நடைமுறையில் நடக்கும் பெரிய தப்பு. டோஸைக் கூட்டினாலும் பயனில்லை, செல் பிரியாமல் செத்தால் மெத்தில் நீர்க்க வழியில்லை.

வார்டில் கெடுவது வேறு. 100 மில்லிகிராம் குப்பிக்கு 4 மில்லிலிட்டர் ஸ்டெரைல் வாட்டர், கிடைப்பது மேகமாய்க் கலங்கிய கரைசல், மில்லிலிட்டருக்கு 25 மில்லிகிராம். தெளியவில்லையே என்று வடிகட்டினால் மருந்தே போய்விடும். போடும் முன் சிரிஞ்சை இரு உள்ளங்கைக்கு நடுவில் உருட்டிக் கலக்க வேண்டும். 4 மில்லிலிட்டருக்கு மேல் என்றால் இரண்டு இடமாகப் பிரிக்கவும். தண்ணீர் பட்டதிலிருந்து மூலக்கூறின் வளையம் உடைய ஆரம்பிக்கும். அறை வெப்பத்தில் 1 மணி நேரம்தான். ஐவி என்றால் சலைன் அல்லது ரிங்கர் லாக்டேட், டெக்ஸ்ட்ரோஸ் கூடவே கூடாது.

குடல் புற்று போன்ற திடக்கட்டிகளில் இந்த மருந்துகள் தனியாக இதுவரை கைகொடுக்கவில்லை. ஊதாஸ்லைடின் நோயாளிக்கு எம்எல்ஹெச்1ஐத் திறக்க யாரும் முயல மாட்டார்கள். நோய் பரவியிருந்தால் நோயெதிர்ப்பைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப், அது மெத்திலால் வந்த நிலையாமையா லிஞ்சால் வந்ததா என்று பார்க்காது.

ஊதாஸ்லைடு:
அப்படியானால் இப்படி எழுதுகிறேன்: "எம்எல்ஹெச்1/பிஎம்எஸ்2 இழப்பு, உள் கன்ட்ரோல் சரி. பிராஃப் வி600இ இல்லை. கட்டியில் எம்எல்ஹெச்1 புரொமோட்டர் சி பகுதி மெத்திலேற்றம் பார்க்கப் பரிந்துரை. மெத்திலேற்றம் இருந்தால் லிஞ்ச் இல்லை."

கிளைமரம்:
கடைசி வரியை மாற்றுங்க. "லிஞ்ச் வாய்ப்பு மிகக் குறைவு" போதும். காரணம் இரண்டு. பிறவிப் பிறழ்வு ஒரு பிரதியில் இருந்து, மற்றது மெத்திலால் அணைந்த நிகழ்வுகள் அரிதாக உண்டு. இன்னொன்று பிறவியிலேயே எம்எல்ஹெச்1 மெத்திலாக இருப்பவர்கள். அதில் கட்டி மெத்திலைப் பார்த்து "வயசுல வந்தது" என்று அனுப்பிவிடுவோம், ஆனால் ரத்தத்திலும் அதே மெத்தில் இருக்கும். பெரும்பாலும் அது கருமுட்டை, விந்து உருவாகும்போது அழிந்துவிடும், பிள்ளைக்குப் போகாது. புரொமோட்டரில் சி.-27சி>ஏ போன்ற எழுத்து மாற்றத்தோடு வந்தால் குடும்பத்தில் தலைமுறையாகத் தொடரும். 74 வயதில் இதைத் துரத்த வேண்டியதில்லை. இதே ஸ்லைடு 42 வயதுக்காரருடையது என்றால் கட்டியோடு ஒரு குழாய் ரத்தமும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்க, ரத்தத்தில் சில சதவீதம் மட்டும் மெத்தில் இருக்கும் கலவை நிலையும் உண்டு, எம்எஸ்பி இல்லாமல் பைரோவின் அடிவரம்பில் அது நழுவும்.

பிளாக்வெட்டி:
ஆமா, எம்எஸ்பியைத் திட்டினேன், அந்த ஒரு இடத்தில் அதற்கு வேலை இருக்கிறது. ரத்தம் இடிடிஏ குழாயில், ஹெப்பரின் வேண்டாம், பிசிஆரை அடைக்கும்.

ஊதாஸ்லைடு:
லிம்போசைட் கருக்கள் நன்றாக ஸ்டெயின் ஆகியிருக்கின்றன, இப்போது மறுபடி பார்த்தேன். 10 மைக்ரானில் ஆறு வெட்டு சொல்லியாச்சு, முதல் மூன்றைத் தள்ளி.